ஈரம் புகாத மயிர்

எங்கள் வீட்டில் விடியலில் முதலில் சூடேறுவது அடுப்பன்று. என் மகள் நிறைமதியின் அறையிலுள்ள, மயிரை நீட்டும் மின்னிடுக்கிதான். 'ஸ்ட்ரெயிட்னர்' என்று இங்கே அதற்குப் பெயர். பல் துலக்கிவிட்டு நான் கூடத்துக்கு வரும்போது, தைலமும் மயிரும் சேர்ந்து சூடாகும் ஒரு மணம் அங்கே நிற்கும். மனித உடலின் ஒரு பகுதி வேகும் மணம் அது என்ற எண்ணம் முதலில் சில நாள் என்னைத் தொந்தரவு செய்தது. இப்போது செய்வதில்லை. பால் பொட்டலத்தை எடுத்து வருகிறேன். நாளிதழை மேசையில் வைக்கிறேன். அவள் அறைக் கதவின் கீழ் ஒளி தெரிகிறதா என்று பார்க்கிறேன். என் மனைவி இராசமணி கண்விழித்து வெளியே வருவதற்குள் அந்த மயிர் நேராகியிருக்க வேண்டும். இல்லையேல் நிறைமதி அன்று முழுவதும் வேறொருத்தியாக இருக்க நேரிடும்.

தலைப்பிலுள்ள சொல்லைக் கண்டு சென்னை வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா. ஊரிலிருந்து வாசிப்போர், இதில் முகஞ்சுளிக்க என்ன இருக்கிறது என்று வியக்கவும் வேண்டா. யாழ்ப்பாணத்தில் நாம் தலைமயிர் என்போம். தலைமயிர் வாரினோம், தலைமயிர் வெட்டினோம், தலைமயிர் கொட்டுகிறதென்று மருத்துவரிடம் முறையிட்டோம். அச்சொல் அங்கே எவர் காதையும் சுட்டதில்லை. இங்கே அது வசை. ஒருவனை இழித்துரைக்கவும், ஒன்றைத் துச்சமென்று தள்ளவும் மட்டுமே வாயில் வரும். ஏனைய வேளைகளில் யாவரும் 'முடி' என்கிறார்கள். முடி என்றால் எனக்கு அரசன் தலையில் இருப்பது. அல்லது, தொடங்கியதை நிறைவு செய் என்னும் ஏவல். வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன், கடலைத் தாண்டி இன்னொரு தமிழ்நிலத்துக்கு வந்து, தன் தலையில் இருப்பதன் பெயரைச் சொல்ல இயலாதவனாகிறான். என் தலையில் இப்போது பெரிதாக எதுவும் இல்லை என்பது வேறு செய்தி.

நாங்கள் குடியிருப்பது பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில். வயலாக இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்து, மழை பெய்தால் வயல் தன் பழைய வழக்கத்தை மறவாமல் தெருவில் நீரைத் தேக்கிக் காட்டும் ஊர். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் சரளா என்னும் பெண் ஓர் அழகு நிலையம் நடத்துகிறாள். பாடியில் பிறந்து வளர்ந்தவள். அவள் தந்தை அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அம்பத்தூர் அலுவலகத்திலிருந்து நிறைமதி அழைத்து, ஈரம் புகாமல் மயிரில் பூசும் தைலம் தீர்ந்துவிட்டது, சரளாவிடம் கேட்டு வாங்கி வையுங்கோ என்றாள். தைலத்தின் பெயரையும் சொன்னாள். படியிறங்குவதற்குள் அப்பெயர் எனக்கு மறந்துவிட்டது. ஆயினும் பொருளை விளக்கிக் கேட்டால் தமிழருக்கு விளங்காதா என்று எண்ணிக் கதவைத் திறந்தேன்.

"பிள்ளை, என்ரை மகளின்ரை மயிர் ஈரத்துக்குச் சுருளுது. அதுக்குப் பூச ஏதும் இருக்கோ?"

உள்ளே முகம் நிறைய வெண்களிம்போடு சாய்ந்திருந்த ஓர் அம்மையார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். சரளா சீப்பும் கையுமாக முன்னே வந்தாள்.

"இன்னா பெர்சு, பாக்க வாத்தியார் மாதிரி கீற. பொம்பளைங்க இருக்கற எடத்துல வந்து இன்னா பேச்சு பேசினுகீற?"

என் தொடரில் வழு எங்கே நேர்ந்தது என்று தேடினேன். எழுவாயும் பயனிலையும் இயைந்தே இருந்தன. ஒருவேளை காதில் சரியாக விழவில்லையோ என்று, அதே தொடரை இன்னும் உரத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். வெண்களிம்பு அம்மையார் களிம்பு உதிரச் சிரித்தார். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அனுப்பச் சொல்லிச் சரளா எனக்கு வாசலைக் காட்டினாள். வீட்டில் என்னிலும் பெரியவர் இல்லை என்பதை அவளுக்குச் சொல்லாமல் மேலே வந்துவிட்டேன்.

அன்று மாலை நிறைமதி போய் விளக்கினாள். அதன்பின் நான் அவ்வழியே போகும்போதெல்லாம் சரளா உள்ளே திரும்பி, "இலங்கைத் தாத்தா வர்றாரு, காதப் பொத்திக்கோங்கடி" என்பாள். எனக்கு முடி என்று சொல்லிப் பழக்கவும் முயன்றாள். அது எங்களுக்கு அரசனின் மகுடம் என்றேன். "அப்ப ஒம் பொண்ண ராணியாக்கி உட்றேன், சீரம் வாங்கிகினு போ" என்றாள். ஒருமுறை எனக்குத் தேநீர் ஊற்றியபோது, போதும் என்னும் பொருளில் "காணும், காணும்" என்றேன். தேநீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, எதைக் காணோம் என்று மேசைக்கடியில் குனிந்து தேடினாள். ஊரில் நிறைவைக் குறிக்கும் சொல் இங்கே தொலைந்ததைக் குறிக்கிறது. நானும் சேர்ந்து குனிந்தேன்; எதற்கென்று தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பிறந்தபோதே தலை நிறையச் சுருள். அதைப் பார்த்துத்தான் குழலி என்று பெயரிட்டேன். சில ஆண்டு கழித்துப் பிறந்த நிறைமதிக்கும் அதே மயிர். என் தந்தைவழிச் சொத்து அது. இராசமணியின் மயிர் நேரானது. ஆகையால் சுருளை வாரும் வித்தையை அவள் மக்கள் தலையில்தான் கற்றாள். நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறுவாள். குழலி வலிக்கிறதென்று கத்துவாள். நிறைமதி அக்காவைப் பார்த்து, வலிக்காமலே கத்துவாள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் இருவரும் தலை முழுகிவிட்டு வேலியோரம் நின்றால், முகம் தெரியாத பக்கத்திலிருந்து பார்க்கையில் எனக்கே யார் யாரென்று மயங்கும். முகங்கள் வேறுதான். உயரம் வேறாக இருந்த காலமும் போய், நிறைமதி வளர்ந்து இப்போது அக்காவின் உயரத்தைக் கடந்துவிட்டாள்.

போருக்குத் தப்பி ஊரெல்லாம் மூட்டையோடு நடந்த நாள்களில், ஒரு விடிகாலையில் தங்கை உறங்கிக்கொண்டிருந்தபோது, குழலி தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பவில்லை. அதற்குமேல் நாங்கள் அறிந்தது எதுவும் இல்லை. ஆகவே எழுதவும் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். நம்மூரில் எவரும் போகிறேன் என்று சொல்லிப் புறப்படுவதில்லை. 'போட்டு வாறன்' என்பார்கள், போய்விட்டு வருகிறேன் என்று. போகும் சொல்லுக்குள்ளேயே வரும் சொல்லையும் வைத்துக் கட்டுவது. குழலி அன்று அப்படிச் சொல்லிவிட்டுப் போனாளா என்று நான் இராசமணியைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நிறைமதி கண்விழித்து அக்காவைத் தேடியது மட்டும் எங்கள் இருவருக்கும் நினைவில் இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டும். இராசமணிக்கு எது எவ்வளவு நினைவிருக்கிறது என்று இப்போது சொல்வதற்கில்லை.

சென்னைக்கு வந்து ஆண்டுகள் பல ஆனபின் மறதிநோய் அவளைப் பற்றியது. முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு கட்டடத்தின் மாடிகளை. ஆயினும் மகளை மறக்கவில்லை. அந்நாளில் நிறைமதி மயிரை இறுகப் பின்னிக் கொண்டையிட்டு வேலைக்குப் போவாள். ஒரு மாலை, ஆவடிச் சாலையில் மழையில் மாட்டி, ஸ்கூட்டியில் நனைந்து வந்தாள். தலையைத் துவட்டுவதற்காகக் கொண்டையை அவிழ்த்தாள். ஈரத்தில் மயிர் தன் இயல்பை அடைந்து, தோளெங்கும் சுருண்டு எழுந்தது. இராசமணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"குழலி, வந்திட்டியே. தண்ணி எங்கை?"

தான் மதி என்று நிறைமதி சொன்னாள். இராசமணி அதைச் செவியில் வாங்கவில்லை. மகளின் தலையைத் தன் சேலை முந்தானையால் துவட்டினாள். அன்று மாலை எங்கள் வீட்டில் குழலி இருந்தாள். மறுநாள் மயிர் காய்ந்து, பின்னலுக்குள் போனதும், குழலி இல்லை. இராசமணி ஒவ்வோர் அறைக் கதவாகத் திறந்து தேடினாள். அக்கா எங்கே என்று நிறைமதியிடமே கேட்டாள். உண்ண மறுத்தாள். சில நாளில் தணிந்தது. பிறகு இன்னொரு மழை, இன்னொரு வருகை, இன்னொரு தேடல். ஒவ்வொரு முறை மயிர் சுருளும்போதும் எங்களுக்கு ஒரு பிள்ளை திரும்பி வந்து, மீண்டும் இல்லாமற் போனாள். இதைத் தாங்க முடியவில்லை என்று எழுதினால் அது அலங்காரம். தாங்கினோம். ஆனால் தன் தாயின் கண்ணில் தான் இன்னொருத்தியாகத் தெரிவதை நிறைமதி எப்படித் தாங்கினாள் என்பதை நான் அறியேன். ஒருநாள் அவள் அந்த மின்னிடுக்கியை வாங்கி வந்தாள். நேராக்கிய மயிரோடு தாயின் முன் போய் நின்றாள். இராசமணி அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, மதி, தலைக்கு என்ன செய்தாய், வடிவில்லை என்றாள். வடிவு என்றால் எங்களுக்கு அழகு. அதைக் கேட்டு என் மகள் சிரித்ததைப் பார்த்தேன்.

இவ்வூர்க் காற்றோடு அவள் போராட்டம் அன்று தொடங்கியது. நேராக்கிய சுருள்மயிருக்குப் பகை நீர்தான். மழைநீராகத்தான் வரவேண்டும் என்பதில்லை. காற்றில் கண்ணுக்குப் புலனாகாமல் நிற்கும் ஈரமே காணும். மயிரின் உள்ளே புகுந்து அதை ஊதவைத்து, பழைய சுருளை நினைவூட்டிவிடும். ஆகவே நுழையும் வாயிலை அடைக்க வேண்டும். தலை முழுகியதும் முரட்டுத் துவாலையால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுப்பாள். ஈரம் இருக்கும்போதே ஒரு களிம்பு. முற்றாகக் காய்ந்த பின்னரே இடுக்கி. ஒரே இடத்தில் இருமுறை வைப்பதில்லை. பிறகு அந்தச் சீரம், ஒரு துளி, உள்ளங்கையில் தேய்த்து நுனியிலிருந்து மேலாக. கிளிசரின் கலந்த எதையும் அண்டவிடமாட்டாள். அது காற்றிலுள்ள நீரைத் தானே அழைத்து வந்து கொடுக்கும் என்பாள். உறங்கும்போது வழுவழுப்பான சாட்டின் துணியால் தலையைச் சுற்றுவாள். அதே துணியில் இன்னொன்று தலைக்கவசத்தின் உள்ளே. இவ்வளவுக்குப் பிறகும் சித்திரை வெயிலின் வியர்வை வேரில் தொடங்கி அவளைக் காட்டிக் கொடுக்கும்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு பகை இருந்தது. இராசமணிக்குப் பிட்டு வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலை நீற்றுப்பெட்டியில் மாவை வைத்து அவித்தால், இச்சிறிய அடுக்களை முழுதும் நீராவி நிற்கும். ஆகவே பிட்டு அவிக்கும் வேலை என்னுடையதாயிற்று. நிறைமதி கதவுக்கு வெளியே நின்று, தேங்காய்ப் பூ காணுமோ என்று கேட்பாள். தன் தாய்க்கு மிக விருப்பமான உணவு சமைக்கப்படும்போது, தாய் தன்னை அறியவேண்டும் என்பதற்காக அவள் உள்ளே வராமல் நிற்பாள்.

நிலையாக நேராக்கிவிடலாமே, ஒருமுறை செய்தால் பல மாதம் கவலையில்லை என்று சரளா பலமுறை சொன்னாள். நானும் ஒருநாள் கேட்டேன். நிறைமதி இடுக்கியின் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மருந்து போட்டால் இது செத்துப்போகும், அப்பா. பிறகு தண்ணி பட்டாலும் சுருளாது. அக்காவின்ரை எண்டு எங்களிட்டை இருக்கிறது இது ஒண்டுதானே."

அதற்குப்பின் நான் அப்பேச்சை எடுக்கவில்லை.

இவ்வாண்டு கார்த்திகையில் அவளை அலுவலகம் அரையாண்டுக் காலத்துக்குப் புனேக்கு அனுப்பியது. அங்கே அப்பருவத்தில் காற்று உலர்ந்திருக்கும், சுருளைப் பற்றிக் கவலை இராது என்று நான் சொன்னேன். ஆறுதலாகச் சொல்லத் தோன்றியது அதுதான். இராசமணியைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாயிற்று. புறப்படும் நாள் நெருங்கியபோது நிறைமதி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: அம்மா தன்னை அடையாளம் கண்டு, தன் பெயரைச் சொல்லி, ஒருமுறை அனுப்பி வைத்தால் காணும். திரும்பி வரும்போது அம்மாவிடம் அந்தப் பெயர் மிச்சமிருக்குமோ தெரியாது என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

முந்திய மாலையே தலை முழுகி, காயவைத்து, நீட்டி, பூசி, சுற்றிக்கொண்டாள். விடியலில் துணியை அவிழ்த்தபோது மயிர் கண்ணாடிபோல் நேராக நின்றது. மழை மட்டும் விடவில்லை. மின்சாரம் போயிருந்தது. நான் வழிக்கு உண்ணப் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அந்நேரம் மேல்மாடத்தில் மழைநீர் வடியும் குழாய் அடைத்து, நீர் கூடத்துக்குள் வரத் தொடங்கியது. நிறைமதி கட்டியிருந்த பெட்டிகளைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள். துடைப்பத்தை எடுத்து நீரை வெளியே தள்ளினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாளியோடு வந்தேன். மின்விசிறி இல்லை, மழைக்காகச் சன்னல்கள் அடைத்திருந்தன, வீடு முழுதும் பிட்டின் ஆவி. நீர் நின்று நாங்கள் நிமிர்ந்தபோது அவள் நெற்றியோரத்தில் முதற்சுருள் எழுந்திருந்தது. அடுத்து காதோரம். வேரிலிருந்து மயிர் ஒவ்வொன்றாகத் தன் பழைய வடிவுக்குத் திரும்பியது. அவள் அறைக்குள் போய் இடுக்கியின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மின்சாரம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சரளாவின் கடையில் இன்வெர்ட்டர் மின்கலம் இருக்கும், தொலைபேசியில் எழுப்பிக் கேட்கட்டுமா என்றேன்.

"விடுங்கோ, அப்பா" என்றாள்.

இராசமணி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குழலி என்றாள். பிறகு வந்து நாற்காலியிலிருந்த பெட்டியை அவளே இறக்கி, மகளைப் பிடித்து அமர்த்தி, சீப்பை எடுத்தாள். அடுப்பையும் மாடியையும் மறந்தவளின் கை, சுருளை நுனியிலிருந்து வாரவேண்டும் என்பதை மறக்கவில்லை. சிறிது சிறிதாக மேலேறினாள். நிறைமதி என்னைப் பார்த்தாள். தான் மதி என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். கீழே வாடகை வண்டி வந்து ஒலி எழுப்பியது.

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்?" என்று இராசமணி கேட்டாள்.

தாய் இறக்கி வைத்த பெட்டியை நிறைமதி பார்த்தாள். பிறகு, "தண்ணி கொண்டு வரப் போறன், அம்மா" என்றாள்.

இராசமணி தலையசைத்தாள். வாரி முடித்து, மயிரை ஒருமுறை கையால் அளைந்துவிட்டுச் சொன்னாள்: "மதிக்குச் சொல்லிப்போட்டுப் போ. எழும்பினால் உன்னைத் தேடுவாள்."

நிறைமதி எழுந்து தன் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் யாருமில்லை, தலையணைமேல் மடித்த சாட்டின் துணி இருந்தது. அதன் எதிரே நின்று, உறங்குபவளை எழுப்பாத குரலில், "மதி, போட்டு வாறன்" என்றாள். வெளியே வந்து தாயின் கையைத் தொட்டாள். "போட்டு வா" என்றாள் இராசமணி. பிட்டுப் பொதியை நான் கொடுத்தேன். பெட்டிகளோடு படியிறங்கினாள். மழையில் குடை பிடிக்கவில்லை; இனி எதைக் காக்க வேண்டும் என்று நினைத்தாள் போலும்.

விமான நிலையத்திலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள். "அம்மா என்ரை பேர் சொன்னவா தானே, அப்பா. காணும்." அச்சொல்லை எம்மூர்ப் பொருளில் வாசித்தேன். பிறகு இவ்வூர்ப் பொருளிலும் வாசித்தேன்.

இராசமணி அன்று எவரையும் தேடவில்லை, கதவுகளைத் திறக்கவில்லை. குழலி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். பிட்டை முழுதும் உண்டாள். நான் சீப்பைத் துடைக்க எடுத்தபோது அதில் ஒரு மயிர் இருந்தது. வேர்ப்பாதி ஊரில் இருந்தவாறே சுருண்டிருந்தது. நுனிப்பாதி இன்னும் நேராகவே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வேளையில் மின்சாரம் வந்தது. மின்விசிறி சுழலத் தொடங்கியது. நிறைமதியின் அறையிலிருந்து, தைலமும் மயிரும் சூடாகும் அந்த மணம் வந்தது. அழுத்திய பொத்தானை அவள் அணைக்காமல் போயிருந்தாள். ஆளில்லாத அறையில் இடுக்கி தானே சூடேறிக்கொண்டிருந்தது. நான் விரைந்து உள்ளே போனேன்.

கூடத்திலிருந்து இராசமணியின் குரல் கேட்டது.

"மதி எழும்பிட்டாள் போலை."

ஒரு கையில் அந்த மயிரோடு, மறு கையைப் பொத்தான்மேல் வைத்தபடி, சிறிது நேரம் நான் அதை அணைக்கவில்லை.